விஷவாயு தானாக வந்து தாக்குவதில்லை

"அண்ணா, காத்துக்கு எடை கீதா?"

புழலில் எங்கள் தெருப் படிப்பகத்துத் திண்ணையில் சாயங்காலம் ஆறரை மணிக்கு மேல் நான் நடத்துகிற வகுப்பில், ஏழாவது படிக்கும் ஒரு பெண் கேட்டாள். இருக்கு என்றேன். ஒரு குச்சியின் இரண்டு முனையிலும் ஊதின பலூனைக் கட்டி, நடுவில் நூல் போட்டுச் சமமாகத் தொங்கவிட்டு, ஒரு பலூனை ஊசியால் குத்திக் காட்டினேன். குத்தின பக்கம் மேலே போனது. பசங்க கைதட்டினாங்க.

"அப்போ எடை ஜாஸ்தியான காத்து கீழ தங்கும், கம்மியானது மேல போயிடும். அதானேண்ணா?"

"ஆமாம்மா."

"எங்க சித்தப்பா எறங்கி செத்துப்போச்சே ஒரு தொட்டி, அதுல இருந்த காத்து இன்னா எடை?"

கைதட்டின பசங்க யாரும் பேசவில்லை.

விடை எனக்குத் தெரியும். நான் வேதியியல் படித்தவன். ஹைட்ரஜன் சல்பைடின் மூலக்கூறு நிறை 34. காற்றின் சராசரி 29. இந்த இரண்டு எண்களையும் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். ஆனால் அந்த 34க்கும் எங்கள் தெருவுக்கும் என்ன உறவு என்று எந்த வகுப்பிலும் எந்த வாத்தியாரும் எனக்குச் சொன்னதில்லை. நானும் யோசித்ததில்லை. பன்னிரண்டு வயசுப் பெண், பலூனைப் பார்த்த ரெண்டாவது நிமிஷம் கேட்டுவிட்டாள்.

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்காக. ஆறாவது, ஏழாவது, எட்டாவது வகுப்பு அறிவியல் என்பது ஏதோ எல்லாருக்கும் பொதுவான, சாதுவான, யார் மேலும் நாற்றம் படாத சங்கதி என்று நம்பிக்கொண்டிருக்கிறவர்களோடு சண்டை போடுவதற்காக. அதில் நம் தோழர்கள் சிலரும் உண்டு. அவர்களையும் விடப்போவதில்லை.

*

முதலில் பாடத்தை நடத்திவிடுகிறேன். தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறவர்கள் கவனமாகப் படியுங்கள்.

செப்டிக் டேங்க் என்பது மூடி போட்ட குழி. உள்ளே காற்றோட்டம் கிடையாது. மலத்திலும் அழுக்குத் தண்ணீரிலும் இருக்கிற பாக்டீரியா, ஆக்சிஜன் இல்லாமலே அதைத் தின்று மக்கச் செய்கிறது. அந்தச் செரிமானத்தில் சில வாயுக்கள் பிறக்கின்றன. மீத்தேன், அதன் நிறை 16. கார்பன் டை ஆக்சைடு, 44. ஹைட்ரஜன் சல்பைடு, 34. காற்றைவிட லேசான மீத்தேன்கூட மூடி இருப்பதால் வெளியே போக வழியில்லாமல் தேங்கும். மற்ற இரண்டும் காற்றைவிடக் கனம். காற்றோட்டம் இல்லாத குழியில் அவை அடியிலேயே படுத்துக் கிடக்கும். வெயிலும் காற்றும் போய்த் தொடாத இடத்தில் அவற்றைக் கலைக்க யார் வருவார்?

ஆகவே, "மூடியைத் திறந்து ஒரு மணி நேரம் ஆறப் போட்டாச்சு, இறங்கலாம்" என்று வீட்டுக்காரர் சொல்வது பொய். தெரிந்து சொன்னாலும் பொய், தெரியாமல் சொன்னாலும் பொய். ஏனென்றால் வாயுவில் பெரும்பங்கு மேலே மிதந்துகொண்டிருப்பதில்லை. அது கசடுக்குள் கரைந்தும் சிக்கியும் கிடக்கிறது. சோடா பாட்டிலை மூடி திறந்து வைத்தால் கொஞ்சம் பொங்கும், குலுக்கினால்தான் மொத்தமும் சீறும். தொட்டியும் அப்படித்தான். மனுஷன் இறங்கி, மண்வெட்டியால் அடிக்கசடைக் கலக்கும்போதுதான் உள்ளே இருந்தது மொத்தமும் கிளம்பி வரும். அதாவது கலக்கிறவன் முகத்துக்கு நேராக.

ஹைட்ரஜன் சல்பைடுக்கு அழுகின முட்டை நாத்தம். மிக மிகக் கொஞ்சம் இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். "நாத்தம் அடிச்சா தெரிஞ்சிடும், ஏறி வந்துடலாம்" என்பது அனுபவஸ்தர்கள் சொல்வது. இங்கேதான் இந்த வாயு ஏமாற்றுகிறது. பத்தாயிரம் பங்கு காற்றில் ஒரு பங்கு அளவுக்கு அது ஏறிவிட்டால், சில நிமிஷத்தில் மூக்கின் நரம்பே மரத்துப்போகும். நாத்தம் நின்றுவிடும். உள்ளே இருப்பவர் "பரவாயில்லை, இப்போ நாத்தம் குறைஞ்சிடுச்சு" என்று நினைப்பார். குறையவில்லை, கூடியிருக்கிறது. ஆயிரத்தில் ஒரு பங்கு ஆனால் ஒன்றிரண்டு மூச்சு போதும், நினைவு தப்பி விழுந்துவிடுவார். ரத்தத்தில் ஆக்சிஜன் இருந்தாலும் செல்கள் அதைப் பயன்படுத்த முடியாமல் அது தடுத்துவிடுகிறது. எட்டாவது வகுப்புப் பையன் "செல்லின் ஆற்றல் மையம் மைட்டோகாண்ட்ரியா" என்று மனப்பாடம் பண்ணுகிறானே, அந்த மையத்திலேயே கை வைக்கிற விஷம் இது.

இன்னொன்று. தீக்குச்சி கிழித்துப் போட்டுப் பார்ப்பது, மெழுகுவத்தியை இறக்கிப் பார்ப்பது. "எரியுது, அப்போ காத்து இருக்கு, இறங்கு." இந்தச் சோதனையை நம்பி இறங்கியவர்கள் உண்டு. காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். அது ஏறத்தாழ 16, 17 சதவீதத்துக்கு இறங்கினால்தான் மெழுகுவத்தி அணையும். ஆளைக் கொல்லும் அளவு ஹைட்ரஜன் சல்பைடு இருக்கும் இடத்திலும் மெழுகுவத்தி ஜோராக எரியும். அதோடு, மீத்தேன் 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருந்தால் அந்தத் தீக்குச்சியே தொட்டியை வெடிக்க வைத்துவிடும்.

ஏன் ஒருவரோடு நிற்பதில்லை, இரண்டு பேர், மூன்று பேர் என்று சாகிறார்கள்? முதல் ஆள் விழுகிறார். மேலே நிற்பது தம்பி, மச்சான், இல்லையென்றால் கூட வேலை செய்கிறவர். பார்த்துக்கொண்டு நிற்க மனசு வருமா? குதிக்கிறார். அவரும் அதே மூச்சைத்தான் இழுக்கிறார். எங்கள் தெருப் பெண்ணின் சித்தப்பா முதலில் இறங்கியவர் இல்லை. தூக்கப் போனவர்.

இவ்வளவுதான் பாடம். இதில் எங்கேயாவது ஆராய்ச்சிக்கூடத்து ரகசியம் இருக்கிறதா? நிறை, அடர்த்தி, கரைதல், எரிதல், சுவாசித்தல், பாக்டீரியா. ஆறாவதிலிருந்து எட்டாவதுக்குள் எல்லாத் தலைப்பும் வந்துவிடுகிறது. எட்டாவதில் காற்று என்று தனிப் பாடமே இருக்கிறது. ஆக்சிஜன், நைட்ரஜன், கார்பன் டை ஆக்சைடு என்று வரிசையாகப் பிள்ளைகள் ஒப்பிக்கிறார்கள். நான் கேட்பது அதே வரிசையில் நாலாவதாக ஒரு வாயு. அதன் நிறை, அதன் குணம், அது எங்கே இருக்கிறது, யாரைக் கொல்கிறது.

*

"விஷவாயு தாக்கி இருவர் பலி." பத்திரிகைக்காரர்கள் இந்தத் தலைப்பை அச்சுக் கோத்து எடுத்து வைத்திருக்கிறார்கள் போல. இடத்தையும் எண்ணிக்கையையும் மாற்றினால் போதும்.

தோழர்களே, இந்த வாக்கியத்தைப் பாருங்கள். எழுவாய் எது? விஷவாயு. அது தாக்கியது. ஏதோ வாயு அரிவாளைத் தூக்கிக்கொண்டு தெருமுனையில் காத்திருந்த மாதிரி. ஹைட்ரஜன் சல்பைடு யாரையும் தேடி வருவதில்லை. அது தன் நிறைக்கு ஏற்றபடி, தொட்டியின் அடியில், யாருக்கும் தொந்தரவு இல்லாமல் கிடந்தது. அது கிடந்த இடத்துக்கு ஒரு மனுஷனை அனுப்பினார்கள். அனுப்பியவர் யார், கூலி பேசியவர் யார், பார்த்துக்கொண்டு நின்றவர் யார்? இவர்கள் ஒருவரும் அந்த வாக்கியத்தில் இல்லை. இலக்கணத்திலேயே குற்றவாளி தப்பிவிடுகிறான். மீதி வேலையைக் காவல் நிலையத்தில் முடித்துக்கொள்கிறான்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 1993இல் ஒன்று. போதவில்லை என்று 2013இல் இன்னொன்று. சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்கினால், முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது 2013 சட்டம். 1993க்குப் பிறகு செத்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் பத்து லட்சம் கொடு என்று 2014 மார்ச்சில் உச்சநீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சம் ஆக்கியது. 2025 ஜனவரியில், சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் ஆளை இறக்குவதையே நிறுத்து என்றது. நாடாளுமன்றத்தில் வைத்த கணக்குகளிலேயே இந்தச் சாவு அதிகம் நடந்த மாநிலம் எது என்று தேடிப் பாருங்கள். பெரியார் பிறந்த மண், சமூகநீதி மண் என்று மேடைக்கு மேடை முழங்குகிறோமே, அந்த மண்தான்.

புழலுக்கு வடக்கே, செங்குன்றம் தாண்டிப் போனால் மீஞ்சூர். 2023 மே மாதம் அங்கே இரண்டு பேர் செப்டிக் டேங்கில் செத்தார்கள். அது யார் வீட்டுத் தொட்டி? வீடு இல்லை. ஒரு தனியார் பள்ளிக்கூடத்தின் தொட்டி. மேலே வகுப்பறை. கரும்பலகை. அங்கே அறிவியல் பாடவேளை ஒன்று தினமும் இருந்திருக்கும். வாயுக்களின் பண்புகளைப் பிள்ளைகள் எழுதி டிக் வாங்கியிருப்பார்கள். அந்தக் கட்டடத்தின் காலடியில் அதே வாயு இரண்டு பேருக்குச் செய்முறைத் தேர்வு வைத்தது.

இதற்குப் பிறகும் பாடப் புத்தகத்துக்கும் தொட்டிக்கும் சம்பந்தம் இல்லை என்று எவனாவது சொன்னால், அவன் புத்தகத்தையும் பார்க்கவில்லை, தொட்டியையும் பார்க்கவில்லை.

*

என் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

நான் படித்த பள்ளிக்கூடத்தின் பெயர் வேண்டாம். அங்கே ஒரு ஆய்வுக்கூடம் இருந்தது. பூட்டு தொங்கும். கக்கூஸும் இருந்தது. அதற்குப் பூட்டு கிடையாது, ஆனால் யார் கழுவ வேண்டும் என்பதில் ஒரு ஒழுங்கு இருந்தது. "டேய், காலனிப் பசங்க நாலு பேர் வாங்கடா." ஏன் நாங்க மட்டும் என்று கேட்கத் தோன்றாது. வகுப்பை விட்டு வெளியே போகலாமே என்று சந்தோஷமாகக்கூட இருக்கும். அதுதான் இன்றைக்கும் என்னைக் குத்துகிறது.

எட்டாவது படிக்கும்போது ஒருநாள் சீக்கிரம் முடித்துவிடலாம் என்று நாங்களே ஒரு யோசனை பண்ணினோம். கழுவுகிற ஆசிட்டை ஊற்றி, அது மேலேயே பிளீச்சிங் பவுடரையும் கொட்டினோம். இரண்டும் சேர்ந்தால் வேகமாகச் சுத்தமாகும் என்று நினைப்பு. குப்பென்று பச்சை மஞ்சளாய் ஒரு புகை. கண்ணும் தொண்டையும் எரிந்தது. மூச்சை இழுக்க முடியவில்லை. ஒருத்தன் அங்கேயே உட்கார்ந்துவிட்டான். அவனை இழுத்துக்கொண்டு வெளியே ஓடி வந்து மரத்தடியில் கிடந்தோம். ராத்திரி முழுக்க இருமல். எங்கம்மா, "இன்னாடா பண்ணினு வந்த, நெஞ்சு இப்படி இழுக்குது" என்று அடுப்பங்கரைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தது.

இரண்டு வருஷம் கழித்து, வேதியியல் வகுப்பில் வாத்தியார் கரும்பலகையில் எழுதினார். பிளீச்சிங் பவுடருடன் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்ந்தால் குளோரின் வாயு வெளிவரும். நிறம் பசுமஞ்சள். காற்றைவிடக் கனமானது. மூச்சை அடைக்கும் தன்மை உடையது. முதல் உலகப்போரில் 1915இல் பெல்ஜியத்தின் ஈப்ரே நகருக்கருகே ஜெர்மன் படை இதைத்தான் ஆயுதமாக விட்டது. எல்லாரும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மற்றவர்கள் கையால் எழுதின பாடத்தை நாங்கள் நெஞ்சால் படித்துவிட்டு வந்திருந்தோம். ஆனால் மார்க் கையால் எழுதினவனுக்குத்தான்.

நான் அந்த ஆசிரியரைத் திட்ட இதை எழுதவில்லை. அவர் நல்லாத்தான் நடத்தினார். ஆனால் ஈப்ரே வரை போக முடிந்த அவரால் பள்ளிக்கூடத்தின் பின்பக்கம் வரை போக முடியவில்லை. பெல்ஜியத்துச் சிப்பாயின் நுரையீரல் பாடத்தில் இடம்பிடித்தது. காலனிப் பையனின் நுரையீரல் பிடிக்கவில்லை. எட்டாவதில் ஒரே ஒரு வரி, "ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடரைக் கலக்காதே" என்று யாராவது சொல்லியிருந்தால் போதும். சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஏனென்றால் அந்தப் பாடத்தை எழுதினவர் வீட்டுப் பிள்ளை எதுவும் அந்த இரண்டையும் கையில் பிடித்ததில்லை.

*

"அறிவியலுக்கு ஏதய்யா சாதி? ஈர்ப்பு விசை பறையனுக்கு ஒண்ணு, பார்ப்பானுக்கு ஒண்ணா?" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். கேள்வி நன்றாகத்தான் இருக்கிறது. கைதட்டலும் கிடைக்கும். ஈர்ப்பு விசைக்குச் சாதி இல்லைதான். ஆனால் குழிக்குள் யார் என்பதை ஈர்ப்பு விசை தீர்மானிப்பதில்லையே.

பள்ளிச் சிறுவன் அம்பேத்கரைக் கணக்குப் போடக் கரும்பலகைக்கு ஆசிரியர் கூப்பிட்டபோது, பலகைக்குப் பின்னால் வைத்திருந்த சாப்பாட்டு டப்பாக்கள் தீட்டாகிவிடும் என்று மற்ற பிள்ளைகள் பாய்ந்து போய் எடுத்தார்களாம். கணக்குக்குச் சாதி இல்லை. கரும்பலகைக்குப் போகிற வழிக்கு இருந்தது. மேகநாத் சாகா 1920இல் வெளியிட்ட சமன்பாடு, நட்சத்திர ஒளியை வைத்து அதன் வெப்பநிலையை அறிய உதவியது. உலகமே வியந்தது. அந்த சாகா, கல்கத்தா மாணவர் விடுதியில் உயர்சாதி மாணவர்களோடு ஒரே பந்தியில் உட்கார முடியாதவராக இருந்தார். நட்சத்திரத்துக்குச் சாதி இல்லை. சாப்பாட்டு இலைக்கு இருந்தது.

ஆக, அறிவியலின் விதி பொது. அதை அறிகிற வாய்ப்பும் அதனால் சாகிற வாய்ப்பும் பொது இல்லை. இந்த இரண்டையும் குழப்பி ஒன்றாக்கிக் காட்டுவதுதான் "பொது அறிவியல்" என்ற பெயரில் நடக்கிற தந்திரம்.

இப்போது நம் ஆட்களுக்கு வருகிறேன். தொண்ணூறுகளில் சிறுபத்திரிகைகள் படித்து வளர்ந்தவன் நான். பெருங்கதையாடல், அறிவும் அதிகாரமும் என்றெல்லாம் அங்கேதான் கற்றுக்கொண்டேன். நவீன அறிவியல் என்பதே மேற்கத்திய ஆதிக்கத்தின் கதையாடல், அதை நம் பிள்ளைகள் மேல் திணிக்கக்கூடாது என்று அன்றைக்கும் சிலர் பேசினார்கள், இன்றைக்கும் பேசுகிறார்கள். அதில் நியாயமான பகுதி உண்டு. அணுகுண்டையும் பூச்சிமருந்தையும் போபாலையும் அறிவியலின் பெயரால்தான் செய்தார்கள். 1984 டிசம்பரில் போபாலில் வாயு எந்தக் குடிசைகளுக்குள் முதலில் போனது என்று நமக்குத் தெரியும்.

ஆனால் தோழர், ஹைட்ரஜன் சல்பைடு பெருங்கதையாடல் இல்லை. அதைக் கட்டுடைக்க முடியாது. அது நுரையீரலுக்குள் போகும், ஆளைக் கொல்லும். "எங்கள் மரபறிவு எங்களுக்குப் போதும்" என்று நீங்கள் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கும்போது, மரபறிவு சொன்ன தீக்குச்சியைக் கிழித்துப் போட்டுவிட்டு ஒருவர் இறங்கிக்கொண்டிருக்கிறார். ஆதிக்கசாதிக்காரன் அறிவியலை வைத்துக்கொண்டு நம்மை அதனிடமிருந்து தள்ளி நிறுத்தினான். நீங்களும் வேறு காரணம் சொல்லி அதையே செய்கிறீர்கள். தள்ளி நின்றவனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

பகுத்தறிவு மேடைத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. சாமியார் கையில் விபூதி வருவது எப்படி, தீமிதியில் கால் ஏன் சுடுவதில்லை என்று செய்து காட்டுகிறீர்கள். செய்யுங்கள், வேண்டியதுதான். ஆனால் எங்கள் தெருவில் ஆளைக் கொன்றது விபூதி இல்லை. ஒரு தடவையாவது செப்டிக் டேங்க் மூடியைத் திறந்து வைத்து, "ஏன் இதில் மனிதன் இறங்கக்கூடாது" என்று ஒரு செய்முறை விளக்கக் கூட்டம் போடுங்கள். மலம் அள்ளப் பிறந்தவன் என்பதைவிடப் பெரிய மூடநம்பிக்கை இந்த நாட்டில் எது?

*

விஷம் மட்டும் அந்தப் பாடத்தில் இல்லை. மாற்றும் அதே பாடத்தில்தான் இருக்கிறது.

ஸ்ட்ரா போட்டு ஜூஸ் குடிக்கிறோம். நாம் இழுப்பதால் ஜூஸ் மேலே வருகிறது என்று தோன்றும். ஆனால் நாம் செய்வது குழாய்க்குள் இருக்கும் காற்றை எடுப்பது மட்டும்தான். வெளியே இருக்கிற காற்றின் அழுத்தம் ஜூஸை உள்ளே தள்ளுகிறது. காற்றழுத்தம் என்ற தலைப்பில் இது ஏழாவது, எட்டாவதுப் பிள்ளைகளுக்கு அத்துப்படி. கழிவுநீர் லாரியின் வேலையும் இதே ஸ்ட்ரா வேலைதான். பம்பு லாரித் தொட்டியிலிருந்து காற்றை வெளியேற்றும். வெளிக் காற்றின் அழுத்தம் கசடைக் குழாய் வழியே மேலே தள்ளும். தண்ணீரை இப்படிச் சுமார் பத்து மீட்டர் உயரம் வரை ஏற்றலாம். நம் வீட்டு செப்டிக் டேங்க் எதுவும் அவ்வளவு ஆழமில்லை. அடியில் கசடு கெட்டிப்பட்டிருந்தால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கலைக்கலாம், மேலே நின்றபடியே. கேரளத்துப் பொறியியல் மாணவர்கள் தொடங்கிய நிறுவனம் ஆள்நுழைவுக் குழிக்குள் இறங்கும் இயந்திரத்தைச் செய்து 2018இல் வேலைக்கும் விட்டுவிட்டது.

ஸ்ட்ராவின் விதி தெரிந்த நாட்டில் மனுஷனை இறக்குகிறான் என்றால், அது அறிவியல் பற்றாக்குறை இல்லை. லாரிக்கு ஆகும் செலவைவிட ஆளுக்கு ஆகும் கூலி குறைச்சல். அந்த ஆள் எந்தத் தெருவில் கிடைப்பான் என்று மேஸ்திரிக்குத் தெரியும். அவ்வளவுதான் கணக்கு.

புழலைப் பாருங்கள். எங்கள் ஏரி 330 கோடி கன அடி தண்ணீர் கொள்ளும். அதன் மட்டத்தை அங்குலம் அங்குலமாக அளந்து நாளிதழில் போடுகிறார்கள். தண்ணீரை வடிகட்டி நாளைக்கு 30 கோடி லிட்டர் சுத்திகரிக்கக் கட்டிய நிலையம் இங்கேதான் இருக்கிறது. எவ்வளவு படிகாரம், எவ்வளவு குளோரின் என்று துல்லியமாக அளக்கத் தெரிகிறது. நகரத்துக்குள் போகிற தண்ணீருக்கு அவ்வளவு அறிவியல். நகரத்திலிருந்து வெளியே வருகிற கழிவுக்கு மட்டும் ஒரு மனுஷனும் ஒரு வாளியுமா? 2011இல் எங்களை மாநகராட்சியோடு சேர்த்தார்கள். வரி உடனே வந்தது. பாதாளச் சாக்கடைக்குக் காத்திருந்த தெருக்களின் கணக்கு வேறு.

எண்ணூரை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 டிசம்பர் 26 நடுராத்திரி, பெரியகுப்பம் அருகே கோரமண்டல் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து மூச்சுத் திணறி, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். அம்மோனியா நிறை 17, தண்ணீரில் ஏராளமாகக் கரையும், காரத்தன்மை கொண்டது, சிவப்பு லிட்மஸை நீலமாக்கும். இதெல்லாம் பள்ளிக்கூடத்துப் பாடம். தண்ணீரில் கரையும் என்றால், ஈரத்துணியை மூக்கில் வைத்துக்கொண்டு, காற்று வீசும் திசைக்குக் குறுக்காக விலகி ஓட வேண்டும் என்று அர்த்தம். கண் எரிந்தால் தண்ணீரால் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும் என்று அர்த்தம். லிட்மஸ் தாள் நிறம் மாறுவதைச் சொன்னவர்கள் இந்த அர்த்தத்தைச் சொன்னார்களா? மீனவர் குப்பத்துக்கும் காலனிக்கும் பக்கத்தில் ஆலை வைக்கத் தெரிந்தவர்கள், அந்த ஆலையில் ஓடும் வாயுவைப் பற்றி அந்தப் பிள்ளைகளுக்குப் பாடம் வைக்க மறந்தது மறதியா?

*

ஆகவே நம் கோரிக்கைகளைச் சொல்கிறேன். கூட்டத்தில் வைத்து விவாதியுங்கள், திருத்துங்கள், ஆனால் கிடப்பில் போடாதீர்கள்.

ஒன்று. ஆறு முதல் எட்டு வரை, வாயுக்கள் வரும் பாடத்தில் செப்டிக் டேங்க் வாயுக்களும் வர வேண்டும். எடை, குணம், ஏன் மூக்கை நம்பக்கூடாது, ஏன் மெழுகுவத்தியை நம்பக்கூடாது, விழுந்தவரைத் தூக்க ஏன் குதிக்கக்கூடாது. அதே பக்கத்தில் 2013 சட்டமும் வர வேண்டும். "மனிதர் இறங்குவது குற்றம்" என்பதைப் பிள்ளை அறிவியல் நோட்டிலேயே எழுத வேண்டும்.

இரண்டு. ஒவ்வொரு பள்ளியும் தன் தொட்டியை எப்போது, எந்த இயந்திரத்தால் சுத்தம் செய்தது என்று தகவல் பலகையில் எழுதிப் போட வேண்டும். பிள்ளைகள் படிக்கட்டும்.

மூன்று. எந்தப் பிள்ளையையும் கக்கூஸ் கழுவ அனுப்பக்கூடாது. அனுப்பினால் நடவடிக்கை.

நான்கு. ஆலை இருக்கிற ஊரில், அந்த ஆலையின் வாயு அந்த ஊர்ப் பள்ளியின் பாடமாக வேண்டும்.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்காதீர்கள். மத்தியப் பிரதேசத்தில் ஹோஷங்காபாத் மாவட்டத்துக் கிராமப் பள்ளிகளில் 1972இல் தொடங்கி முப்பது வருஷம், பிள்ளைகள் கையாலேயே செய்து பார்த்து அறிவியல் கற்றார்கள். 2002இல் அரசாங்கம் அதை நிறுத்தியது. கேள்வி கேட்கப் பழகின பிள்ளைகள் அதிகாரத்துக்குப் பிடிப்பதில்லை. அதனால்தான் நாம் அரசாங்கம் பாடம் போடும்வரை காத்திருக்க முடியாது.

லீவுக்கு ஊருக்குப் போகிற மாணவத் தோழர்களே, உங்கள் தெருப் பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். ஆழமான பிளாஸ்டிக் வாளி ஒன்று, ஆப்ப சோடா, வினிகர், மூன்று மெழுகுவத்தி. ஒன்றை வாளியின் அடியில் வையுங்கள். ஒன்றைச் செங்கல் மேல். இன்னொன்றை இரண்டு செங்கல் மேல். மூன்றையும் ஏற்றுங்கள். அடியில் சோடாவைப் பரப்பி, ஓரமாக வினிகரை மெதுவாக ஊற்றுங்கள். நுரைக்கும். கார்பன் டை ஆக்சைடு கண்ணுக்குத் தெரியாமல் தண்ணீர் மாதிரி அடியிலிருந்து நிரம்பி வரும். இது எடையைக் காட்டுகிற சோதனை மட்டும்தான், எந்தத் தொட்டியிலும் இறங்கலாம் என்று காட்டுகிற சோதனை இல்லை என்பதையும் சொல்லிவிடுங்கள்.

அந்தப் பெண் கேட்ட மறுநாள் எங்கள் திண்ணையில் இதைச் செய்தோம். அடியில் இருந்த மெழுகுவத்தி முதலில் அணைந்தது. அப்புறம் நடுவில் இருந்தது. மேலே இருந்தது கொஞ்ச நேரம் எரிந்துகொண்டிருந்தது. அவள் வாளிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"கீழ கீறதுதான் மொதல்ல அணையுது" என்றாள். அப்புறம் என்னைப் பார்த்து, "இது இஸ்கூல்ல அவங்களுக்குத் தெரியுமாண்ணா?"

தெரியும் என்றேன்.

"அப்போ ஏன் சொல்லல?"

பலூனுக்கு விடை சொன்னேன், 34க்கு விடை சொன்னேன். இந்தக் கேள்விக்குத் திண்ணையில் விடை சொல்லி முடியாது. பாடநூல் எழுதுகிறவர்கள், பள்ளி நடத்துகிறவர்கள், மேஸ்திரிகள், மாநகராட்சி அத்தனை பேரின் வாசலிலும் போய் இதைக் கேட்க வேண்டும். அவளையும் அழைத்துக்கொண்டுதான் போகப்போகிறோம். நீங்களும் வாருங்கள்.